யுஎஸ்பி நிலை விளக்கை லினக்ஸிலிருந்து இயக்குவது: கடையிலிருந்து கதவு வரை முழுமையான வழிகாட்டி

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் அறைக் கதவில் ஒரு விளக்கு இருந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். மீட்டிங்கில் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் எதுவும் எரியாது. அவ்வளவுதான் தேவை. பெங்களூரில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட்டில் கணவனுக்கு ஒரு அறையில் வீடியோ கால், மனைவிக்கு இன்னொரு அறையில் வீடியோ கால், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா "ஆறிடும்ப்பா" என்று காபி டம்ளரைக் கேமராவுக்கு நேராக நீட்டுவது என்பதெல்லாம் மாரத்தஹள்ளியிலிருந்து அல்சூர் வரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

இதற்கென்றே யுஎஸ்பியில் செருகும் சின்ன விளக்குகள் விற்கிறார்கள். கூடவே வரும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் மேக்கையும் மனதில் வைத்து எழுதப்பட்டது, அதனால் லினக்ஸ்காரர்கள் பலர் பெட்டியின் பின்புறத்தைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அப்படி விட வேண்டிய அவசியமில்லை. இவற்றில் சில விளக்குகளுக்கு லினக்ஸில் மென்பொருளே வேண்டாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கே அவற்றைத் தெரியும். செருகியதும் விளக்கு ஒரு கோப்பாக வந்து நிற்கும், அந்தக் கோப்பில் ஒரு எண்ணை எழுதினால் எரியும், பூஜ்ஜியம் எழுதினால் அணையும்.

ஆரம்பிப்பதற்கு முன் ஒரு விஷயம்: கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். குழப்பம் வரக்கூடிய இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்லிவிடுகிறேன்.

எதை வாங்குவது

கெர்னலில் ஹெச்ஐடி-லெட் என்று ஒரு டிரைவர் 2016 முதல் இருக்கிறது. அது ஐந்து வகை விளக்குகளைப் புரிந்துகொள்ளும்: திங்எம் நிறுவனத்தின் பிளிங்க்(1), லக்ஸாஃபோர், டெல்காம் நிறுவனத்தின் சிக்னல் விளக்கு, ட்ரீம் சீக்கியின் மெயில் நோட்டிஃபையர், ரிசோ ககாகுவின் மெயில் நோட்டிஃபையர். கடைசி இரண்டும் பழைய சாமான்கள், எங்காவது டிராயரில் கிடந்தால் தூசி தட்டி எடுங்கள், தேடிப்போய் வாங்க வேண்டாம். இன்று வாங்குவதென்றால் பிளிங்க்(1) அல்லது லக்ஸாஃபோர். என் ஓட்டு பிளிங்க்(1)க்குத்தான், அதன் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் நிரல்) திறந்த மூலம், கட்டளைகள் எல்லாம் வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன, கம்பெனி நாளைக்கு மூடிவிட்டாலும் விளக்கு எரியும்.

குவாண்டோ பிஸிலைட், எம்ப்ராவா பிளிங்க்லைட் போன்றவை அலுவலகங்களில் அதிகம் புழங்குபவை. இவை அந்த டிரைவரில் இல்லை. அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டார்கள் என்றால் பைத்தானில் பிஸிலைட்-ஃபார்-ஹியூமன்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது, பைத்தான் நிரல்களை நிறுவும் பிப்எக்ஸ் மூலம் நிறுவி, பிஸிலைட் ஆன் ரெட் என்று கட்டளை கொடுத்தால் எரியும். குவாண்டோவில் ஒரு வம்பு உண்டு: கணினி உயிரோடுதான் இருக்கிறது என்று அதற்குக் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை நிமிடத்துக்குள் தானே அணைந்துவிடும். அதாவது நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளக்குக்குச் சில ஆயிரம் கொடுக்க மனமில்லாதவர்களுக்குப் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோடு இருக்கிறது. அந்த வழி தனிக் கதை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

செருகியதும் பார்க்க வேண்டியவை

முதலில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை ஓட்டுங்கள். பிளிங்க்(1) என்றால் பட்டியலில் 27பி8:01ஈடி என்ற அடையாள எண் இருக்கும். லக்ஸாஃபோர் என்றால் 04டி8:எஃப்372. இதில் 04டி8 என்பது மைக்ரோசிப் நிறுவனத்தின் எண், அவர்களின் சில்லை வைத்துச் செய்த வேறு கருவிகளும் அதே எண்ணைக் காட்டலாம், அதனால் முக்காற்புள்ளிக்குப் (:) பின்னால் உள்ள பாதியையும் சேர்த்துப் பாருங்கள். பட்டியலில் ஒன்றுமே இல்லை என்றால் கேபிளையோ ஹப்பையோ சந்தேகப்படுங்கள், மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை.

அப்புறம் /சிஸ்/கிளாஸ்/லெட்ஸ் என்ற ஃபோல்டரை எல்எஸ் போட்டுப் பாருங்கள். விளக்கே செருகாமல் பார்த்தாலும் அங்கே சில பெயர்கள் இருக்கும், கீபோர்டின் கேப்ஸ்லாக், நம்லாக் விளக்குகள் எல்லாம் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிளிங்க்(1) செருகியிருந்தால் கூடுதலாகத் திங்எம்0:ரெட்:லெட்0, திங்எம்0:கிரீன்:லெட்0, திங்எம்0:ப்ளூ:லெட்0 என்று மூன்று வரும், அப்புறம் லெட்1 என்று முடியும் இன்னொரு மூன்று வரும், ஏனென்றால் இரண்டாம் பதிப்பிலிருந்து அந்த விளக்கில் முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று என்று இரண்டு எல்இடிகள். லக்ஸாஃபோரில் ஆறு எல்இடி, ஆகவே பதினெட்டுப் பெயர்கள். பார்த்து மலைக்க வேண்டாம்.

பெயரின் முதலில் வரும் எண்ணை மட்டும் கவனியுங்கள். இந்த 0 நிலையானது இல்லை. மவுஸ், கீபோர்டு எல்லாவற்றோடும் சேர்ந்து கெர்னல் கொடுக்கும் வரிசை எண் அது, பிடுங்கிச் செருகினால் 2 ஆகலாம், 4 ஆகலாம். எங்கேயும் இந்த எண்ணை அப்படியே எழுதிவைக்காதீர்கள்.

பெயர்கள் எதுவும் வரவில்லையா? மாட்இன்ஃபோ ஹெச்ஐடி_லெட் என்று கேளுங்கள். மாட்யூலே இல்லை என்று பதில் வந்தால் உங்கள் கெர்னல் சுருக்கப்பட்ட வகை. உபுண்டுவில் லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா என்று தொடங்கும் தொகுப்பை, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் பதிப்புக்கு உரியதாகப் பார்த்து நிறுவினால் சரியாகிவிடும். மாட்யூல் இருந்தும் பெயர் வரவில்லை என்றால் வேறு ஏதோ ஒரு நிரல் விளக்கைப் பிடித்து வைத்திருக்கிறது. லிப்யூஎஸ்பி வழியாகப் பேசும் நிரல்கள் கெர்னல் டிரைவரைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும், அப்போது இந்தக் கோப்புகள் காணாமல் போகும். அந்த நிரலை நிறுத்திவிட்டு விளக்கைப் பிடுங்கிச் செருகுங்கள்.

முதல் வெளிச்சம்

ஒவ்வொரு பெயரும் ஒரு ஃபோல்டர். அதற்குள் பிரைட்னஸ் என்று ஒரு கோப்பு, மேக்ஸ்_பிரைட்னஸ் என்று இன்னொன்று. இரண்டாவதைக் கேட் போட்டுப் பார்த்தால் அதிகபட்ச எண் தெரியும், பிளிங்க்(1)லும் லக்ஸாஃபோரிலும் 255.

எழுதிப் பார்க்க எக்கோ 60 என்று போட்டு, பைப் வழியாக சூடோ டீ என்ற கட்டளைக்கு அனுப்பி, டீக்கு ரெட் ஃபோல்டரின் பிரைட்னஸ் கோப்பைக் கொடுங்கள். சிவப்பு வரும். சூடோ எக்கோ 60 என்று போட்டுப் பெரிய-குறியால் கோப்புக்குள் தள்ளினால் அனுமதி இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் கோப்பைத் திறப்பது சூடோ இல்லை, உங்கள் ஷெல்தான், அதற்கு ரூட் (கணினியின் நிர்வாகி) அதிகாரம் கிடையாது. டீயைச் சொன்னது அதற்காகத்தான்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 255 வேண்டாம். இருட்டான நடையில் அது கண்ணைக் குத்தும், இரவு ஒன்பது மணிக்கு அமெரிக்கக்காரர்களோடு கால் பேசும் ஆளின் கதவில் 255இல் சிவப்பு எரிந்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து விசாரிப்பார். பகலில் 60, இரவில் 15 போதும். கண்ணுக்கு வெளிச்சம் நேர்க்கோட்டில் தெரிவதில்லை, 128 என்பது 255இன் பாதியாகத் தெரியாது, கிட்டத்தட்ட அதே அளவாகத்தான் தெரியும், வித்தியாசம் எல்லாம் கீழ்ப்பக்கத்து எண்களில்தான் இருக்கிறது. மஞ்சள் வேண்டுமென்றால் சிவப்பையும் பச்சையையும் சம அளவில் கலக்காதீர்கள், பச்சை தூக்கலாகி எலுமிச்சை நிறம் வரும். பச்சையைச் சிவப்பில் பாதிக்கும் குறைவாக வையுங்கள்.

நிறங்களைப் பெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நீலம் என்றால் மதிய உணவு, ஊதா என்றால் கவனமாக எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று ஏழு நிறத்துக்கு ஏழு அர்த்தம் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர வீட்டில் வேறு யாருக்கும் அது நினைவில் இருக்காது. சிவப்பு, அல்லது அணைந்திருப்பது. பச்சைகூட வேண்டாம், சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. எரிகிறதா இல்லையா என்பது எல்லோருக்கும் தெரியும்.

சூடோ இல்லாமல் எழுதுவது

ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் தானியங்கி வேலைக்கு உதவாது. இணையத்தில் தேடினால் பலரும் கோப்பை எல்லோருக்கும் எழுதும்படி 666 போடச் சொல்வார்கள். அதைவிட நல்ல வழி ஒன்று, பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. லாகின்டி என்ற சேவையில் செட்பிரைட்னஸ் என்று ஒரு அழைப்பு, 2019இல் 243ஆம் பதிப்பில் வந்தது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க டெஸ்க்டாப்கள் பயன்படுத்துவதற்காக வந்ததுதான், ஆனால் பேக்லைட் மட்டுமில்லாமல் லெட்ஸ் வகையையும் அது ஏற்றுக்கொள்ளும். திரை முன்னால் உட்கார்ந்து லாகின் செய்திருக்கும் பயனர் யாரோ அவருக்கு ரூட் இல்லாமலே எழுதும் உரிமையை அது தருகிறது.

கூப்பிடுவதற்கு பஸ்சிடிஎல் கால் என்ற கட்டளை. அதற்குப் பின்னால் வரிசையாக: சேவையின் பெயர் ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.லாகின்1, பொருளின் பாதை /ஆர்க்/ஃப்ரீடெஸ்க்டாப்/லாகின்1/செஷன்/ஆட்டோ, இடைமுகம் ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.லாகின்1.செஷன் (இதில் செஷனின் முதல் எழுத்து மட்டும் பெரியது), அழைப்பின் பெயர் செட்பிரைட்னஸ் (இதில் எஸ், பி இரண்டும் பெரிய எழுத்து), பிறகு எஸ்எஸ்யு என்று மூன்று எழுத்து, அதாவது இரண்டு சரம் ஒரு எண் வரப்போகிறது என்று அர்த்தம், கடைசியில் அந்த மூன்றும்: லெட்ஸ், விளக்கின் முழுப்பெயர், எண். ஒரே வரியில் எழுத வேண்டும். நீளம்தான், ஆனால் ஒருமுறை ஸ்கிரிப்டில் எழுதிவிட்டால் திரும்பத் தொட வேண்டியதில்லை.

பாதையின் கடைசியில் ஆட்டோ என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. செல்ஃப் என்று போட்டால் சில டெர்மினல்களில் வேலை செய்யலாம், பின்னணிச் சேவையாக ஓட்டும்போது செய்யாது, ஏனென்றால் பயனர் சேவைகள் எந்த செஷனுக்குள்ளும் சேர்ந்தவை இல்லை. ஆட்டோ என்றால் அந்தப் பயனரின் திரை செஷனைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து எழுத முடியாது, செஷனுக்கு இருக்கை இல்லை என்று மறுத்துவிடும். ஒரே கணினியில் வேறு பயனர் முன்னால் இருந்து நீங்கள் பின்னால் போயிருந்தாலும் மறுக்கும். நம் வேலைக்கு இரண்டும் பிரச்சினையில்லை.

கட்டளை நீளமாக இருப்பது பிடிக்கவில்லை என்றால் பிரைட்னஸ்சிடிஎல் என்ற சின்ன நிரல் பெரும்பாலான விநியோகங்களின் களஞ்சியங்களில் கிடைக்கும், -டி போட்டு விளக்கின் பெயரைச் சொல்லி, செட் 60 என்று முடித்தால் ஆயிற்று.

மினுக்க வேண்டுமா

அதே ஃபோல்டரில் ட்ரிகர் என்றொரு கோப்பு இருக்கும். கேட் போட்டால் நீளமான பட்டியல் வரும், இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அது சதுர அடைப்புக்குள் இருக்கும். டைமர் என்று எழுதினால் கெர்னலே அரை விநாடி எரியவைத்து அரை விநாடி அணைக்கும், உங்கள் ஸ்கிரிப்ட் தூங்கலாம். ஹார்ட்பீட் என்று எழுதினால் இதயத்துடிப்பு மாதிரி இரட்டைத் தட்டாக மினுக்கும், கணினியில் வேலை கூடக் கூட வேகமும் கூடும். நிறுத்துவதற்கு நன் என்று எழுதலாம், அல்லது பிரைட்னஸில் பூஜ்ஜியம் எழுதினாலே ட்ரிகரும் கழன்றுவிடும்.

லாகின்டி வழி ட்ரிகருக்கு உதவாது, அது பிரைட்னஸை மட்டும்தான் தொடும். மினுக்கல் வேண்டுமென்றால், கருவி செருகப்படும்போது கணினி ஓட்டும் யூடெவ் விதி ஒன்றை எழுத வேண்டும். /ஈடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி ஃபோல்டரில் ஒரு கோப்பு, அதில் ஒரே வரி (சப்சிஸ்டம், கெர்னல், ரன் மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்தில்): சப்சிஸ்டம் லெட்ஸாக இருந்து, கெர்னல் பெயர் திங்எம் என்று தொடங்கினால், அந்த ஃபோல்டரின் குழுவை உங்கள் குழுவாக மாற்றி, குழுவுக்கு எழுதும் அனுமதியும் கொடு என்று ரன் பகுதியில் சிஹெச்ஜிஆர்பி, சிஹெச்மாட் இரண்டையும் கூப்பிடுவது. ஆக்‌ஷன் ஆட் என்ற நிபந்தனையைச் சேர்க்காதீர்கள். டைமரைப் போட்டதும் டிலே_ஆன், டிலே_ஆஃப் என்று புதிதாக இரண்டு கோப்புகள் முளைக்கும், அவை ரூட்டுக்குச் சொந்தமாகத்தான் பிறக்கும். ட்ரிகர் மாறும்போது கெர்னல் சேஞ்ச் என்றொரு நிகழ்வை அனுப்புகிறது, விதி அதற்கும் ஓடினால்தான் அந்த இரண்டின் அனுமதியும் சரியாகும்.

ஒரே நேரத்தில் இரண்டு நிறத்தில் டைமர் போடாதீர்கள், இரண்டும் தனித்தனி விளக்குகள் என்பதால் தாளம் பிசகி ஒன்று எரியும்போது மற்றது அணையும். ஒரு நிறம் மட்டும் மினுக்கட்டும். மினுக்கலே எதற்கு என்று கேட்டால், எனக்கும் அது வேண்டாம்தான், கதவில் ஓயாமல் மினுக்கும் விளக்கு ஆம்புலன்ஸ் வந்த மாதிரி இருக்கிறது.

எதைக் கேட்டு எரிய வேண்டும்

இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. விளக்கை எரியவைப்பது சுலபம், எப்போது எரிய வேண்டும் என்று சரியாக முடிவெடுப்பதுதான் விஷயம்.

பலரும் காலண்டரைக் கேட்கிறார்கள். காலண்டர் பொய் சொல்லும். பதினொன்றரைக்கு முடிய வேண்டிய மீட்டிங் பன்னிரண்டே காலுக்கு முடியும், ரத்தானதை யாரும் அழிக்க மாட்டார்கள், திடீரென்று வரும் கால் அதில் இருக்காது. சாட் செயலியின் நிலையைக் கேட்கலாம் என்றால் அதற்கு நிறுவனத்தின் அனுமதி, டோக்கன் என்று ஐடி ஆட்கள் பின்னால் அலைய வேண்டும், கம்பெனி மாறினால் எல்லாம் முதலிலிருந்து. இரண்டும் வேண்டாம். மைக்கைக் கேளுங்கள். ஏதாவது ஒரு நிரல் மைக்கைத் திறந்து வைத்திருக்கிறதா, அப்படியென்றால் நீங்கள் காலில் இருக்கிறீர்கள். ஜூம், மீட், டீம்ஸ், வாட்ஸ்அப் வெப் எல்லாவற்றுக்கும் இது ஒன்றே பொருந்தும்.

லினக்ஸில் இன்று ஒலியைக் கவனிப்பது பைப்வயர், பழைய கணினிகளில் பல்ஸ்ஆடியோ. இரண்டுக்கும் பிஏசிடிஎல் கட்டளை பொருந்தும். பிஏசிடிஎல் லிஸ்ட் ஷார்ட் சோர்ஸ்-அவுட்புட்ஸ் என்று கேட்டால் மைக்கிலிருந்து ஒலி எடுத்துக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியல் வரும். வெற்றாக வந்தால் யாரும் எடுக்கவில்லை. ஒரு வரி இருந்தால் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டெஸ்ட் காலைத் திறந்து முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

இதை விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிஏசிடிஎல் சப்ஸ்கிரைப் என்று ஓட்டினால் ஒலி அமைப்பில் ஏதாவது மாறும்போதெல்லாம் ஒரு வரி எழுதும், மற்ற நேரம் சும்மா காத்திருக்கும். ஆக ஸ்கிரிப்டின் அமைப்பு இதுதான். முதலில் ஒருமுறை நிலையைப் பார்த்து விளக்கைச் சரியாக்கு. பிறகு சப்ஸ்கிரைபை ஓட்டி, அதன் வெளியீட்டை கிரெப் வழியாகச் சலித்து, சோர்ஸ்-அவுட்புட் என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் நிலையைத் திரும்பப் பார்த்து விளக்கைச் சரியாக்கு. வந்த நிகழ்வு நியூவா ரிமூவா என்றெல்லாம் எண்ணிக் கணக்கு வைக்காதீர்கள், எங்காவது ஒன்று தவறினால் கணக்கு கடைசி வரை தப்பாகவே போகும். நிகழ்வு என்பது எட்டிப் பார் என்று தோளைத் தட்டுவது மட்டும், உண்மை நிலை பட்டியலில் இருக்கிறது.

இந்த நாலைந்து வரி ஸ்கிரிப்டில் கால் தடுக்கும் இடங்கள் அதன் அளவுக்குப் பொருந்தாத அளவு அதிகம்.

கிரெப் சலிப்பை விட்டுவிட்டால் ஸ்கிரிப்ட் தன் வாலையே துரத்தும். நிலையைப் பார்க்க நீங்கள் கூப்பிடும் பிஏசிடிஎல்லும் ஒரு புது கிளையன்ட், அது வந்ததே ஒரு நிகழ்வாகப் பதிவாகும், அதைப் பார்த்து ஸ்கிரிப்ட் மறுபடி கூப்பிடும், ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். கிரெப்புக்கு --லைன்-பஃபர்டு கொடுக்க மறந்தால் எதிர்ப்பக்கத்துத் தொல்லை, வரிகள் சேர்ந்து மூட்டையாகத்தான் வரும், நீங்கள் கால் முடித்த பிறகு விளக்கு எரியும். டெஸ்க்டாப்பைத் தமிழில் வைத்திருப்பவர்கள் பிஏசிடிஎல்லுக்கு முன்னால் எல்சி_ஆல்=சி என்று (எல்லாம் பெரிய எழுத்தில்) சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிகழ்வு வரிகள் மொழிபெயர்ந்து வந்து கிரெப் தேடும் சொல் கிடைக்காமல் போகலாம்.

அடுத்தது பேவியுகண்ட்ரோல். ஒலி அளவைக் காட்டும் அந்தச் சன்னலைத் திறந்தாலே, மீட்டர் ஆடுவதற்காக அதுவும் மைக்கைத் திறக்கும், விளக்கு சிவப்பாகும். இதைத் தவிர்க்க பிஏசிடிஎல்லை -எஃப் ஜேசன் என்று ஓட்டி, வந்ததை ஜேசனைப் பிரித்துப் படிக்கும் ஜேக்யூவுக்குக் கொடுத்து, மீடியா.நேம் பண்பு பீக் டிடெக்ட் (முதல் எழுத்து மட்டும் பெரியது) என்று இருப்பவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். கார்க்டு என்ற புலம் ட்ரூ என்று இருந்தால் அந்த நிரல் மைக்கைப் பிடித்து வைத்திருந்தாலும் இப்போது கேட்கவில்லை என்று பொருள், அதையும் கழித்துக்கொள்ளுங்கள். ஜேசன் வசதி பழைய பல்ஸ்ஆடியோவில் இல்லை, அங்கே பேவியுகண்ட்ரோலை மூடிவைப்பதுதான் சுலபம்.

கடைசியாக, சில நிரல்கள் மியூட் செய்ததும் மைக்கை விட்டுவிட்டு, பேச ஆரம்பித்ததும் திரும்பப் பிடிக்கும். விளக்கு அணைந்து அணைந்து எரியும், வெளியே நிற்பவர் அணைந்த நொடியில் கதவைத் திறப்பார். எரிவது உடனே, அணைவது தாமதமாக என்று வைத்துவிடுங்கள். பட்டியல் வெற்றானால் பத்து விநாடி காத்திருந்து, திரும்பப் பார்த்து, அப்போதும் வெற்றாக இருந்தால் மட்டும் அணைக்கட்டும்.

மைக் இல்லாமல் கேமரா மட்டும் போட்டு உட்காரும் பயிற்சி வகுப்புகள் உண்டு. அதற்கு ஃப்யூசர் கட்டளையில் /டெவ்/வீடியோ0வைக் கேட்டால் யார் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லும். இதற்கு நிகழ்வு எதுவும் வராது, சில விநாடிக்கு ஒருமுறை நீங்களாகக் கேட்க வேண்டும். எனக்கு மைக் மட்டும் போதுமானதாக இருக்கிறது.

தானாகத் தொடங்க

ஸ்கிரிப்டை ஹோமில் .லோக்கல்/பின் ஃபோல்டரில் வைத்து, ஓட்டும் அனுமதி கொடுத்து, .கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் ஒரு சர்வீஸ் கோப்பு எழுதுங்கள். இதில் வரும் பெயர்களில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பெரியது. எக்ஸெக்ஸ்டார்ட்டில் ஸ்கிரிப்டின் பாதை, ஹோமுக்குப் பதிலாக %ஹெச் போடலாம். ரீஸ்டார்ட்=ஆல்வேஸ் கட்டாயம், ஒலிச் சேவை மறுதொடக்கம் ஆனால் சப்ஸ்கிரைப் செத்துவிடும், ஸ்கிரிப்டும் கூடவே முடியும், மூன்று விநாடி இடைவெளி விட்டு எழுப்பச் சொல்லுங்கள். எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்டில் மூன்று நிறத்துக்கும் பூஜ்ஜியம் எழுதும் கட்டளை. வான்டட்பையில் நோம், கேடிஈ என்றால் கிராஃபிக்கல்-செஷன்.டார்கெட், ஐ3 மாதிரி எளிய சன்னல் மேலாளர் என்றால் டிஃபால்ட்.டார்கெட். பிறகு சிஸ்டம்சிடிஎல் --யூசர் எனேபிள் --நவ் என்று பெயரோடு கொடுத்தால் முடிந்தது. ஏதாவது சரியில்லை என்றால் ஜர்னல்சிடிஎல் --யூசர் -யு என்று கேளுங்கள்.

தூங்கும் கணினியும் போகும் கரண்டும்

மூடி வைத்தாலும் யுஎஸ்பி வாயில் மின்சாரம் விடும் லேப்டாப்கள் பல. காலின் நடுவில் மூடினால் விளக்கு இரவு முழுக்கச் சிவப்பாகவே இருக்கும். /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம்-ஸ்லீப் ஃபோல்டரில் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வையுங்கள். தூங்குமுன் சிஸ்டம்டி அதை ப்ரீ என்ற சொல்லோடும் எழுந்ததும் போஸ்ட் என்ற சொல்லோடும் கூப்பிடும், ப்ரீ என்றால் எல்லா பிரைட்னஸிலும் பூஜ்ஜியம் எழுதட்டும். ரூட்டாக ஓடுவதால் கோப்பில் நேரடியாகவே எழுதலாம்.

பெங்களூரில் மழைக்காலம் என்றால் கரண்ட் போய்ப் போய் வரும். இன்வெர்ட்டர் லைன் எல்லா பிளக்குக்கும் இருக்காது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், மானிட்டர் அணையும், மானிட்டரின் ஹப்பில் செருகியிருக்கும் விளக்கும் சேர்ந்து போய்விடும், கரண்ட் வந்ததும் வேறு எண்ணோடு திரும்ப வரும். ஸ்கிரிப்டில் பெயரை ஒவ்வொரு முறை எழுதும்போதும் திங்எம்*:ரெட்:லெட்* என்று நட்சத்திரம் வைத்துத் தேடி எடுத்தால் எந்த எண்ணோடு வந்தாலும் பிடித்துக்கொள்ளும். விளக்கு இல்லாத நேரத்தில் எழுதப்போனால் பிழை காட்டிச் சாகாமல் சும்மா கடந்து போகும்படியும் எழுதுங்கள். இன்னும் சுலபம், விளக்கை லேப்டாப்பிலேயே நேரடியாகச் செருகுவது.

எஸ்பி ரோடு வழி

டவுன் ஹால் பக்கம் எஸ்பி ரோட்டில் ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டும், டபிள்யூஎஸ்2812 வகை எல்இடி வளையமும் கேட்டால் கிடைக்கும். கடைகளில் கன்னடம், இந்தி, தமிழ் எது பேசினாலும் ஓடும். எட்டு எல்இடி வளையம் வாங்குங்கள், பதினாறு வேண்டாம். காரணம் கணக்குதான்: ஒரு எல்இடி முழு வெள்ளையில் சுமார் 60 மில்லிஆம்பியர் இழுக்கும், எட்டுக்கு 480, சாதாரண யுஎஸ்பி 2 வாய் தருவது 500. அதுவும் முழு வெளிச்சத்தில் எரிக்கப்போவதில்லை என்பதால் தாராளம்.

பிக்கோவில் சர்க்யூட்பைத்தான் ஏற்றி, பூட்.பை கோப்பில் யூஎஸ்பி_சிடிசி தொகுப்பின் டேட்டா வாயைத் திறந்துவிடுங்கள். கணினியில் டிடிஒய்ஏசிஎம்0, டிடிஒய்ஏசிஎம்1 (ஏசிஎம் மட்டும் பெரிய எழுத்து) என்று இரண்டு சீரியல் வாய்கள் வரும், முதலாவது கன்சோல், இரண்டாவதுதான் உங்களுடையது. அதில் ஆர் என்ற ஒரு எழுத்து வந்தால் சிவப்பு, ஓ வந்தால் அணை என்று கோட்.பையில் பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடலாம். லினக்ஸ் பக்கம் உபுண்டு, டெபியன் என்றால் உங்களை டயல்அவுட் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். மைக் ஸ்கிரிப்ட் அப்படியே, விளக்குக்கு எழுதும் ஒரு வரி மட்டும் மாறும். வளையத்தின் மின்சாரக் கம்பியைப் பிக்கோவின் விபஸ் என்ற இணைப்புக் காலில் இணைத்தால் 5 வோல்ட் கிடைக்கும், ஆனால் தரவுக் கால் 3.3 வோல்ட்தான் தரும், 5 வோல்ட்டில் ஓடும் வளையம் எதிர்பார்ப்பது 3.5. கம்பி குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஓடிவிடும். நிறம் தாறுமாறாக வந்தால் வளையத்தையும் 3.3 வோல்ட் காலுக்கே மாற்றி, வெளிச்சத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சால்டரிங் தெரியாதவர்கள் கால்கள் ஏற்கெனவே பற்றவைத்த பிக்கோ ஹெச் போர்டைக் கேட்டு வாங்குங்கள்.

கதவு வரை கேபிள்

எந்த விளக்காக இருந்தாலும் மேசையில் இருந்தால் வெளியே நிற்பவருக்குத் தெரியாது. யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளை ஓரமாகச் சுவரோடு ஒட்டி, கதவு நிலைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் விட்டு வெளியே எடுங்கள். சாதாரணக் கேபிளில் யுஎஸ்பி 2க்கு ஐந்து மீட்டர்தான் வரம்பு, லேப்டாப்பிலிருந்து விளக்கு வரை மொத்தமாக. அதற்கு மேல் வேண்டுமென்றால் நடுவில் ஹப் அல்லது ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன். டைப்-சி வாய் மட்டும் உள்ள லேப்டாப்புக்கு ஒரு அடாப்டர் கூடுதல் செலவு. வாடகை வீடு என்றால் கதவில் ஆணி அடிக்காமல் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள், அட்வான்ஸில் பிடிக்க ஓனருக்கு அது ஒரு சாக்காக வேண்டாம்.